நதியும் நகரமும்: இனாம்காவ் புகட்டும் பாடம்

மகாராஷ்டிர மாநிலம் புணே மாவட்டத்தில், ஷிரூர் வட்டத்திலுள்ள ரஞ்சன்காவ், அஷ்டவிநாயகர் தலங்களுள் ஒன்றாகவும் தொழிற்பேட்டையாகவும் பலர் அறிந்த ஊராகும். அதே வட்டத்தில், கோட் நதியின் வலக்கரையில், இனாம்காவ் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்குள்ள பழைய மண்மேட்டைப் புணே டெக்கான் கல்லூரியைச் சார்ந்த சங்காலியா, தவளிகர், அன்சாரி ஆகிய அறிஞர்கள் 1968 முதல் 1983 வரை அகழ்ந்து ஆராய்ந்தனர். கி.மு. 1600 அளவில் குடியேறிய மக்கள், ஏறத்தாழ 900 ஆண்டுகள் அங்கு வாழ்ந்தனர் என்பது அதனால் புலனாயிற்று.

நைல், யூப்ரடீஸ், டைக்ரிஸ், சிந்து ஆகிய நதிகளின் கரைகளில் மாநகரங்கள் தோன்றின என்பதை மாணவர் அனைவரும் பாடநூலில் படிக்கின்றனர். கோட் நதிக்கரையிலும் நீர் இருந்தது; வாற்கோதுமை விளைந்தது; செம்புக் கருவிகளும் வழங்கின. எனினும் அங்கு நகரம் எழவில்லை. இதன் காரணத்தை ஆராய்ந்தால், நாகரிகத்திற்கு நதி மட்டும் போதாது என்பது விளங்கும்.

வெள்ளமும் விதைப்பும்

எத்தியோப்பிய மலைநாட்டில் பெய்யும் கோடை மழையால் நைல் நதி பெருகும். வெள்ளம் வடிந்த பின், குளிர்காலத் தொடக்கத்தில், ஈரமான புது வண்டலில் உழவர் கோதுமையும் வாற்கோதுமையும் விதைத்தனர். 1970இல் அஸ்வான் பேரணை கட்டி முடிக்கப்படும் வரை இந்த இயற்கை ஒழுங்கு பெரிதும் நீடித்தது.

மெசபடோமியாவின் நிலை வேறு. அங்கு மலைப் பனி உருகி ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளம் வரும். அதுவோ கதிர் முற்றி அறுவடை நெருங்கும் காலம். ஆகவே கரைகளும் கால்வாய்களும் இன்றியமையாதன ஆயின. அக்கால்வாய்களால் விளைச்சல் பெருகிற்று. ஆனால் வடிகால் குறைந்த நிலத்தில் நாளடைவில் உப்பும் படிந்தது.

சிந்து நதி கோடையில் பெருகி, குளிர்காலப் பயிருக்கு ஏற்ற வண்டலை விட்டுச் செல்லும். அகன்ற அச்சமவெளியில் கி.மு. 2600 முதல் 1900 வரை மொகஞ்சதாரோ, ஹரப்பா போன்ற நகரங்கள் செழித்தன.

இம்மூன்றிலும் பொதுவாக உள்ளது யாது? ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் பரந்த வண்டல் நிலம். அதனால் உழவர் தம் தேவைக்கு மிஞ்சிய தானியத்தை விளைவிக்க முடிந்தது. அந்த மிகுதியே குயவர், கொல்லர், எழுத்தர், காவலர் முதலியோருக்கு உணவளித்து நகரத்தைத் தாங்கியது.

கோட் நதிக்கரை

இனாம்காவ் சிந்து நகரங்களுக்கு மிகவும் பிற்பட்டது. கோட் நதி சகயாத்திரி மலையில் தோன்றி, மழை மறைவுப் பிரதேசத்தின் வழியே ஓடி, பீமா நதியில் கலக்கிறது. அதன் வண்டல் நிலம் குறுகியது. கரையைக் கடந்தால் கரிசல் மண். அது நனைந்தால் பிசுபிசுக்கும், காய்ந்தால் பிளக்கும். இரும்புக் கருவி பெறாதவர்க்கு அதனை உழுவது எளிதன்று.

எனினும் அம்மக்கள் முயற்சியில் குறைந்தவரல்லர். கல்லும் மண்ணும் கொண்டு கரையமைத்து, வெள்ளநீரைக் கால்வாயில் திருப்பினர். ஐந்து அறைகள் கொண்ட பெரிய வீடு ஒன்றும் அதனருகே தானியக் களஞ்சியமும் அகழ்வில் வெளிப்பட்டன. அது தலைவனின் இல்லமாக இருக்கலாம் என அகழ்ந்தோர் கருதினர். சேமித்தலும் பொதுப் பணியும் இருந்தன. ஆயினும் மிஞ்சிய தானியம் நகரத்தைத் தாங்கும் அளவினதாக இல்லை.

கி.மு. 1000 அளவில் நிலை மாறியது. நாற்கோண வீடுகளின் இடத்தில் சிறிய வட்டக் குடிசைகள் தோன்றின. வேட்டையும் கால்நடை வளர்ப்பும் முக்கியத்துவம் பெற்றன. மழை குறைந்து வறட்சி மிகுந்ததே இதற்குக் காரணம் என்பது அகழ்ந்தோரின் முடிவு. கி.மு. 700 அளவில் ஊர் கைவிடப்பட்டது. இரும்பும் வாணிபமும் பரவிய பின்னரே தக்காணத்தில் கோதாவரிக் கரைப் பைத்தான் போன்ற நகரங்கள் சிறப்புற்றன.

நாம் செய்ய வேண்டுவது

ஆசிரியர்கள் இப்பாடத்தை நடத்துங்கால், ஊர்களின் பெயரையும் காலத்தையும் மட்டும் கூறாது, வெள்ளம் எம்மாதத்தில் வந்தது, விதைப்பு எப்போது நடந்தது, வண்டல் எவ்வளவு அகன்றிருந்தது என்னும் மூன்று வினாக்களை மாணவரிடம் எழுப்புதல் நன்று. தம் ஊர் ஆற்றையும் அவ்வாறே ஆராயும்படி அவர்களைத் தூண்டலாம்.

களப்பணியாளரின் கடமையோ இன்னும் அவசரமானது. மராத்தியில் 'பாண்டரி' எனப்படும் வெளிறிய மண்மேடுகள் பழங்குடியிருப்புகளின் எச்சங்களே. அவற்றின் சாம்பல் கலந்த மண் எருவுக்கு உகந்தது என்பதால் வண்டி வண்டியாக வயல்களுக்குச் செல்கிறது. கருகிய ஒரு தானிய மணி கூட அன்றைய பயிரையும் காலத்தையும் அறிவிக்கும். ஆனால் அது தான் கிடந்த மண்ணடுக்கிலிருந்து பெயர்க்கப்பட்டால் அச்சான்றின் பெரும்பகுதி அழிந்துவிடும். எனவே பானை ஓடுகளோ எலும்புகளோ தென்படும் மேடுகளைத் தோண்டாமலும், பொருள்களை எடுத்துச் செல்லாமலும், இடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்ட ஆட்சியருக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ உடனே தெரிவித்தல் வேண்டும். ஒரு பருவத்து எருவுக்காக 900 ஆண்டு வரலாற்றை இழப்பது எவ்வகையிலும் ஆதாயமாகாது.