கழனிவெளியில் குடும்ப வீடு அமைக்கும் முறை

ஆரணியைச் சுற்றியுள்ள கிராமங்களில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிட்டுக்கொண்டு, வீட்டில் பட்டுத்தறியும் நடத்திவரும் குடும்பங்கள் உண்டு. ஊர்த்தெருவில் இடம் நெருக்கமாகும்போது இத்தகையோர் கழனியிலேயே வீடு கட்டிக் குடியேற விரும்புவது இயல்பு. கிணற்றுக்கும் மாட்டுக்கும் பயிருக்கும் அருகில் இருப்பது சௌகரியமே. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தெருவில் அடுத்தடுத்துள்ள வீடுகள் ஒன்றுக்கொன்று வெயிலையும் காற்றையும் தடுத்து நிற்கின்றன. கழனிவெளியில் தனித்து நிற்கும் வீட்டுக்கு அத்துணை கிடையாது. தெருவீட்டின் அமைப்பை அப்படியே கழனியில் எழுப்புவோர் வெப்பத்தாலும் ஒழுக்காலும் வருந்த நேரிடும். கூரை ஓரிரவில் போய்விடலாம். கடன் தவணை போகாது. ஆகையால் எத்தனை அறைகள் என்பதற்கு முன்னரே நீர், வெயில், காற்று ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தல் அவசியம்.

இடம்

ஏரியின் நீர்ப்பிடிப்பு, ஓடை, வாய்க்கால் வழி ஆகியவை எத்தனை ஆண்டுகள் வறண்டு கிடந்தாலும் வீட்டுக்கு உரிய இடமல்ல. மலைச்சரிவின் அடியும் அத்தகையதே. 2024 நவம்பர் 30-ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த பெஞ்சல் புயலின் பெருமழையால், மறுநாள் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து, வீட்டிலிருந்த எழுவர் மாண்டனர். கழனியில் மேடான பாகத்தையே தெரிந்தெடுக்கவேண்டும். வீட்டின் தளம் சுற்றுத் தரையைவிட 2 அடியேனும் உயர்ந்திருத்தல் நலம். களிமண் நிலமாயின் அது மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும். அங்கே கடைக்காலை ஆழப்படுத்தும் முன் பொறியாளரைக் கலந்துகொள்வது உசிதம்.

திசை

வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கவும், குறுகிய பக்கம் மேற்கை நோக்கவும் அமைத்தல் வேண்டும். இதனால் இரண்டு நன்மைகள் உண்டு. மாலை வெயில் தாழ்ந்து அடிப்பதால் அதனை எந்த இறவாரமும் தடுக்காது; மேற்குச் சுவர் குறுகியிருந்தால் வெப்பமும் குறையும். ஆடி மாதத்து மேல்காற்றும் குறுகிய பக்கத்திலேயே மோதும். மேற்குக் கோடியில் தானிய அறையையும் குளியலறையையும் வைத்து, படுக்கும் அறைகளைக் கிழக்கே தள்ளிவிடலாம். தெற்கு ஜன்னலுக்கு நேரெதிரே வடக்கிலும் ஜன்னல் இருந்தால் தென்றல் வீட்டினூடே செல்லும்.

தறியறை

தறியறை வடகிழக்கில் அமைதல் சிறந்தது. நேர்வெயில் பட்டின் சாயத்தை வெளுக்கச் செய்யும். வறண்ட காற்றில் இழை அறுபடும். வடக்கு ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் பெரும்பாலும் சீரானது. ஆயினும் ஏப்ரல் பிற்பாதி முதல் ஆகஸ்டு பிற்பாதி வரையில் ஆரணியில் நண்பகற் சூரியன் வடபுறம் சாய்ந்திருக்கும். ஆதலால் வடக்கு ஜன்னலுக்கும் மேல்மறைப்பு வேண்டும். குழித்தறியாயின் குழியில் ஊற்று நீர் ஏறாதபடி, தளத்தின் உயரத்தை முன்கூட்டியே தீர்மானித்தல் அவசியம்.

கூரை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். காற்று கூரையை அழுத்துவதாகவே பலரும் நினைக்கின்றனர். உண்மையில், கூரையின்மேல் விரைந்து செல்லும் காற்று அதனை மேல்நோக்கி இழுக்கிறது. காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தூக்கும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயலில், காவிரி டெல்டாவில் ஓலைக் கூரைகளும் ஓட்டுக் கூரைகளும் பெருமளவில் அழிந்தன. ஆரணி கடற்கரைக்கு உள்ளே தள்ளியிருப்பினும், கோடை இடிமழையுடன் வரும் சூறைக்காற்று வெளிநிலத்துக் கூரையைப் பிடுங்கப் போதுமானது.

ஓட்டுக் கூரையாயின் இருபுறம் மட்டும் சரிவதைவிட நான்கு புறமும் சரியும் கூரை காற்றை நன்கு தாங்கும். கைமரங்களைச் சுவரின்மேலுள்ள சட்டத்துடன் இரும்புப் பட்டையால் பிணைக்கவேண்டும். அச்சட்டத்தைச் சுவரைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டையுடனும், பட்டையை மூலைக் கம்பிகளால் கடைக்காலுடனும் பிணைக்கவேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் மற்றவை பயன்படா.

நிழலுக்காக இறவாரத்தை மிக நீட்டினால் காற்று அதனைப் பிடித்துத் தூக்கும். 1½ அடி போதும். டிசம்பர் நண்பகலில் அது தெற்குச் சுவரில் சுமார் 2 அடி நிழல் தரும். மேலும் நிழல் வேண்டுமாயின் தாழ்வாரத்தைத் தனித் தூண்களில், தனிக் கூரையாக அமைக்கலாம். காற்றில் அது போயினும் வீட்டுக் கூரை நிற்கும்.

கான்கிரீட் தளம் தன் எடையால் காற்றை எதிர்க்கும். ஆனால் பகலில் உண்ட வெப்பத்தை இரவில் வீட்டுக்குள் விடும். கேரளத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007), தளத்தின் அடிப்பாகத்தில் கான்கிரீட்டுக்கு வேலையில்லாத இடங்களில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டை மிச்சப்படுத்தினார். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டையும் அவர் பரப்பினார். இதில் செங்கல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். தளத்தின்மேல் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்தல் செலவு குறைந்த உபாயமாகும்.

மரமும் நீரும்

மேற்கிலும் தென்மேற்கிலும் புங்கன், வேம்பு முதலியவற்றை இரண்டு வரிசையாக நட்டு, வெளிப்புறத்தில் குற்றுச்செடிகளை வளர்க்கலாம். கெட்டியான மதில் காற்றைச் சுழலச் செய்யும். இடைவெளியுள்ள மரவேலியோ அதன் வேகத்தைத் தணிக்கும். மரம் விழுந்தாலும் வீட்டின்மேல் விழாத தூரம் விடவேண்டும். 600 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 1,400 லிட்டர் நீர் கிடைக்கும். அதைத் தொட்டியில் சேர்த்து, மிகுந்ததைக் கிணற்றருகே வடிகட்டி இறக்கலாம். கழிப்பறைக் குழிகள் கிணற்றுக்கு 50 அடிக்கு அப்பால் இருக்கட்டும்.

செலவு

பணம் குறைவாயின் வீட்டைச் சுருக்கலாமேயன்றிப் பிணைப்பைச் சுருக்கலாகாது. 2024-இல் தொடங்கப்பெற்ற கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடியே. அவ்வளவில் முதற்பாகத்தைக் கடைக்கால் முதல் கூரை வரை உறுதியாக முடித்துக்கொண்டு, கிழக்குப் புறத்தில் பின்னர் நீட்டுவதற்கு இடம் விடலாம். முகப்பு அலங்காரமும் வண்ணமும் அடுத்த விளைச்சலுக்குக் காத்திருக்கும். காற்றும் மழையும் காத்திரா. வீட்டுக் கடன் கோரும் சங்க அங்கத்தினர்கள், கொத்தனாருடன் கூலி பேசுமுன், வீட்டின் படத்தில் மேற்குத் திசை எது, நீர் வடியும் பக்கம் எது, கூரை எதனுடன் பிணைக்கப்படுகிறது என்ற மூன்றையும் குறித்துக் கொள்வார்களாக.