ஓய்வு பெற்ற டாக்டர் இலவசமா வைத்தியம் பார்க்க என்ன தடை?

ஒரு டாக்டர் 35 வருஷம் வேலை பார்த்துட்டு ஓய்வு பெறுகிறார். உடம்பு நல்லா இருக்கு, பென்ஷன் வருது, பணம் வேண்டாம். வாரத்துல ரெண்டு நாள் இலவசமா நோயாளிகளைப் பார்க்கணும்னு ஆசை. இன்னொரு பக்கம் டாக்டரைப் பார்க்க வழியில்லாத மக்கள் இருக்காங்க. இந்த ரெண்டு தரப்பையும் சேர்த்து வைப்பது சுலபமான வேலை மாதிரித்தான் தெரியும். ஆனா சில நாடுகளில் இதுக்காகச் சட்டத்தையே மாற்ற வேண்டி வந்திருக்கு. ஏன்னு கொஞ்ச நாளா படிச்சுக்கிட்டு இருந்தேன். அதன் குறிப்புகள்தான் இது.

எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள ஹில்டன் ஹெட் தீவு. கோல்ஃப் மைதானங்கள், கடற்கரை வீடுகள் என்று வசதியானவர்கள் ஓய்வுக்காகக் குடியேறும் இடம். ஓட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்கிறவர்களில் பலருக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. அங்கே வந்து தங்கியவர் ஜாக் மெக்கானல். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்த டாக்டர். டைலினால் மாத்திரை உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு (நம்ம ஊர் பாரசிட்டமால்தான், பெயர்தான் வேறு). தீவில் அவரைச் சுற்றி ஓய்வு பெற்ற டாக்டர்கள், நர்ஸ்கள், பல் மருத்துவர்கள் நிறைய இருந்தாங்க. இவங்களையே வைத்து ஒரு இலவச கிளினிக் நடத்தலாமேன்னு கிளம்பினார்.

கேட்டவங்களில் பலருக்கு விருப்பம் இருந்தது, ஆனா கேள்விகளும் இருந்தன. முதல் கேள்வி லைசென்ஸ். அமெரிக்காவில் டாக்டர் லைசென்ஸ் மாநில வாரியாகத் தருவது. வேறு மாநிலத்தில் 40 வருஷம் பார்த்திருந்தாலும் இங்கே புதுசா வாங்கணும். ரெண்டாவது, சிகிச்சையில் தவறு நடந்து வழக்கு வந்தா யார் பணம் கட்டுவது? அந்தக் காப்பீட்டுக்கு வருஷாவருஷம் கட்ட வேண்டிய தொகை பெரிசு. சம்பளமே வாங்காதவர் அதை எதுக்குக் கட்டணும்? சம்பளம் இல்லாம வேலை செய்யலாம், வீட்டை இழக்கும் அபாயத்தோட வேலை செய்யச் சொன்னா யார் வருவாங்க?

மெக்கானல் மாநில அரசோடு பேசி, இலவசமாகப் பார்க்கும் ஓய்வு பெற்ற டாக்டர்களுக்கென்று தனி லைசென்ஸுக்கு வழி செய்தார். கிளினிக் முழுமைக்கும் கட்டுப்படியாகும் காப்பீட்டுக்கும் ஏற்பாடு ஆனது. 1994-ல் கிளினிக் திறந்தது. 'வாலண்டியர்ஸ் இன் மெடிசின்' என்ற பெயரில் அதே முறை பிறகு வேறு பல ஊர்களுக்கும் பரவியது.

காப்பீட்டுச் சிக்கலுக்கு அமெரிக்க மத்திய அரசு ஒரு வழி வைத்திருக்கு. எனக்கு ரொம்பப் பிடித்த டிசைன் இது. 1996-ல் வந்த ஒரு சட்டப்பிரிவின்படி, இலவச கிளினிக்கில் சேவை செய்யும் டாக்டரை வழக்கு விஷயத்தில் மட்டும் மத்திய அரசு ஊழியர் மாதிரி கருதலாம். நோயாளி வழக்குப் போட்டா அது அரசாங்கத்தின் மேல் போகும், டாக்டரின் சொந்தச் சொத்தைத் தொடாது. நோயாளிக்கும் இழப்பீடு கேட்கும் வழி அடைபடவில்லை. ஒரு நிபந்தனை, கிளினிக் நோயாளியிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ கட்டணம் வாங்கக் கூடாது. ஆனா சட்டம் வந்தும், அதுக்கான நிதி ஒதுக்கீடு நடைமுறைக்கு வர 2004 ஆயிடுச்சு. கோடு எழுதி முடிச்சு எட்டு வருஷம் கழித்து ரிலீஸ் பண்ணின மாதிரி.

பிரிட்டனின் அனுபவம் வேற மாதிரி. 2020 மார்ச்சில் கொரோனா வந்தப்போ, அண்மையில் பதிவை விட்டிருந்த 11,000-க்கும் மேற்பட்ட டாக்டர்களுக்கு ஒரே மூச்சில் தற்காலிகப் பதிவு கொடுத்துட்டாங்க. லைசென்ஸ் பிரச்சினை தீர்ந்தது. அப்புறம் தடுப்பூசி போட முன்வந்தவங்களிடம் 21 ஆவணங்கள் வரை கேட்டாங்க. தீயணைப்புப் பயிற்சி, தீவிரவாதத் தடுப்புப் பயிற்சி எல்லாம் அதில் அடக்கம். ஆயுசு முழுக்க ஊசி போட்ட கை, ஊசி போட அனுமதிக்காகக் காத்துக்கிட்டு இருந்தது. பத்திரிகைகளில் கேலி வந்த பிறகு 2021 ஜனவரியில் சிலவற்றைக் கைவிட்டாங்க.

இதைப் படிச்சதும் எல்லா விதிகளையும் தூக்கிடலாம்னு தோணும். எனக்கு அப்படித் தோணலை. பத்து வருஷம் முன்னாடி கத்தியைக் கீழே வெச்ச ஒரு எலும்பு நிபுணர் திடீர்னு சர்க்கரை நோயாளிக்கு மருந்து எழுதினா, இடையில் வந்த மருந்துகள் அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். இலவசமா வருகிற நோயாளிக்கு வேறு டாக்டர்கிட்ட ரெண்டாவது கருத்துக் கேட்க வழி இருக்காது. அவருக்குத்தான் தரம் அதிகம் தேவை. தீயணைப்புப் பயிற்சியை விட்டுடலாம், தொடர் கல்வியை விடக் கூடாது என்பது என் கட்சி.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே சட்டம் ஓரளவு சாதகம். 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா நோயாளிகளுக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் இடம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராதுன்னு சொன்னது. கவனிங்க, 'எல்லாருக்கும்'. சிலரிடம் கட்டணம், சிலருக்கு இலவசம்னு நடத்தும் மருத்துவமனையில் இலவச நோயாளியும் நுகர்வோர்தான். வாரம் ஒருநாள் ட்ரஸ்ட் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். குற்ற வழக்கு தனி விஷயம், அதில் இலவசம்னு சலுகை இல்லை. ஆனா 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், சாதாரணக் கவனக்குறைவு போதாது, அப்பட்டமான அலட்சியம் இருக்கணும்னு சொல்லிட்டாங்க.

வாய்ப்புகள் எங்கே? மகப்பேறு மருத்துவர்னா, 2016-ல் தொடங்கிய 'பிரதான் மந்திரி சுரக்ஷித் மாத்ருத்வ அபியான்'. மாசாமாசம் 9-ம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை. அரசுப் பணியில் இல்லாத டாக்டர்களும் பதிவு செய்துகொண்டு போகலாம். வருஷத்துக்கு 12 நாள், தேதி முன்கூட்டியே தெரியும். மூட்டு வலியோட இருக்கிறவங்களுக்கும் சமாளிக்கிற அளவு.

ஊருக்குப் போக முடியாதவங்களுக்கு டெலிமெடிசின். 2020 மார்ச்சில் வந்த விதிமுறைகள் எந்த மருந்தை எந்த நிலையில் எழுதலாம்னு பட்டியலே போட்டிருக்கு. சில மருந்துகளுக்கு முதல் சந்திப்பு வீடியோவில் இருக்கணும், போதைப் பொருள் சட்டத்தில் வரும் மருந்துகளை எழுதவே கூடாது. 2021 மே மாசம் இரண்டாம் அலையில், ஓய்வு பெற்ற ராணுவ டாக்டர்கள் இ-சஞ்சீவனி மூலம் பொதுமக்களுக்கு ஆலோசனை சொன்னாங்க. எங்க அபார்ட்மென்ட்டில் இருக்கிற ரிட்டையர்டு டாக்டர் இதே வேலையை வாட்ஸப்பில் செய்கிறார், எல்லாருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் அவர் போனில்தான் இருக்கு. ஆனா அதில் பதிவேடு இல்லை, மருந்துச் சீட்டும் இல்லை. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன சொன்னார்னு காட்ட அவர்கிட்ட ஒண்ணும் இருக்காது.

ஓய்வுக்குப் பிறகு ஒரு டாக்டர் எவ்வளவு தூரம் போகலாம்னு கேட்டா மதுரையைச் சொல்லணும். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தால் அவர் விரல்கள் முன்பே கோணிப் போயிருந்தன. இது சரியான அர்த்தத்தில் தன்னார்வச் சேவை இல்லை, புதுசா ஒரு நிறுவனமே கட்டினது. எல்லாருக்கும் பொருந்தாது. ஆனா 58 வயதில் கதை முடிஞ்சுடுச்சுன்னு நினைக்கிறவங்களுக்காகச் சேர்த்தேன்.

கடைசியா ஒரு நடைமுறைக் குறிப்பு. உங்க வீட்டில் ஓய்வு பெறப் போகிற டாக்டர் இருந்தா, மாநில மருத்துவக் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விட வேண்டாம்னு சொல்லுங்க. பல மாநிலங்களில் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும், அதுக்குத் தொடர் கல்விப் புள்ளிகளும் வேணும். "இனி எதுக்கு"ன்னு விட்டவங்க, ரெண்டு வருஷம் கழித்து முகாமுக்குக் கூப்பிட்டா முதலில் போக வேண்டிய இடம் கவுன்சில் ஆபீஸ்தான்.