அறத்தின் வேர்

மாணவர்களே! பிறர் துன்பம் கண்டு நம் உள்ளம் இரங்குகிறது. இவ்விரக்கம் எங்கிருந்து வந்தது? கூட்டமாக வாழும் விலங்குகளின் இயல்பூக்கத்திலிருந்தே மனிதரின் அறவுணர்வு வளர்ந்தது என்று, 1871ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் சார்லஸ் டார்வின் எழுதினார்.

இக்கருத்திற்குச் சான்று உண்டு. நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வாழும் குருதியுண்ணும் வௌவால், ஏறக்குறைய மூன்று நாள் இரையின்றிப் போனால் இறந்துவிடும். வயிறு நிறைந்த வௌவால், தான் உண்ட குருதியைக் கக்கிப் பசித்த வௌவாலுக்கு ஊட்டுகிறது. எனினும், பெரும்பாலும் உறவினத்துக்கும் உடன் தங்கிப் பழகியவற்றுக்குமே அது ஊட்டும்.

இயற்கை இரக்கத்தை மட்டுமா தந்தது? ராஜஸ்தானின் அபு மலையில் லங்கூர் குரங்குகளைச் சாரா ஹர்டி என்னும் அறிஞர் ஆராய்ந்தார். கூட்டத்தைக் கைப்பற்றும் புதிய கடுவன், அங்குள்ள குட்டிகளைக் கொல்வதுண்டு என்று 1977இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். இதுவும் இயற்கையே, இதனை அறம் என்போமா?

ஆகவே, ஒரு பண்பு இயற்கையில் உள்ளது என்பதனாலேயே அது நன்றாகிவிடாது. டார்வினின் நண்பர் தாமஸ் ஹக்ஸ்லியும் 1893இல் ஆற்றிய உரையில் இதனை வலியுறுத்தினார். நம்மவரிடம் அன்பு தானே பிறக்கும், அது இயல்பு. மொழியும் ஊரும் வேறான தோழரிடமும் அவ்வன்பைக் காட்டுவது, நாம் சிந்தித்து மேற்கொள்ளும் அறம்.

சொற்பொருள்: இயல்பூக்கம் – பிறவியிலேயே அமைந்த உந்துதல், குருதி – இரத்தம், கடுவன் – ஆண் குரங்கு.

விடை எழுதுக:
1. வௌவால் எவற்றுக்கு உணவூட்டுகிறது?
2. ‘இயற்கையானவை எல்லாம் நல்லவையே’ – இக்கூற்றை மறுத்து ஐந்து வரிகள் எழுதுக.