பாடசாலை உதவியாளர் வேலை: நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தமாதல்

இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகளில் வகுப்பறை உதவியாளராகவும் மதிய உணவு வேளை மேற்பார்வையாளராகவும் பணிபுரிய நம் சமூகத்தவர் பலர் விண்ணப்பிக்கின்றனர். தாயகத்தில் ஆசிரியராகக் கடமையாற்றியவர்களும் அவர்களுள் உளர். அனுபவம் இருந்தும் நேர்முகத் தேர்வில் வாய்ப்பை இழப்போர் தம் ஆங்கிலத்தையே குறை கூறிக்கொள்வர். பல வேளைகளில் உண்மையான தடை வேறு: தாம் செய்ததைத் தாமே எடுத்துச் சொல்லக் கூசுவது.

வேலை விளம்பரத்துடன் ‘பெர்சன் ஸ்பெசிஃபிகேஷன்’ எனும் ஆவணம் இணைக்கப்பட்டிருக்கும். அவ்வேலைக்கு இன்றியமையாத தகைமைகளும் விரும்பத்தக்க தகைமைகளும் அதில் உள்ளன. வினாக்கள் பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கும். தேர்வுக் குழுவில் இருவர் அல்லது மூவர் இருப்பர். எல்லோரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு, விடைகளைக் குறித்துக்கொண்டு புள்ளியிடுவர். அவர்கள் நிமிர்ந்து பாராமல் எழுதிக்கொண்டிருந்தால் மனம் தளர வேண்டாம். உங்கள் சொற்களைத்தான் எழுதுகின்றனர். விண்ணப்பப் படிவத்தில் முன்னரே எழுதியதாயினும், அங்கே மீண்டும் வாயால் சொல்லுங்கள். சொல்லாததற்குப் புள்ளி கிடைப்பது அரிது.

“ஒரு பிள்ளைக்கு நீங்கள் உதவிய சந்தர்ப்பம் ஒன்றைக் கூறுங்கள்” என்று கேட்டால், “நாங்கள் எல்லாப் பிள்ளைகளையும் அன்பாகப் பார்த்துக்கொள்வோம்” என்பது நம் வாயில் இயல்பாக வரும் விடை. அதில் புள்ளியிட எதுவும் இல்லை. மாறாக இப்படிச் சொல்லலாம்: “சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் நான் உதவியபோது ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் வாசிக்க மறுத்தான். வாரந்தோறும் பத்து நிமிடம் அவன் விரும்பிய படப் புத்தகத்தை அவனும் நானும் மாறி மாறி வாசித்தோம். தவணை முடிவில் அவன் வகுப்பின் முன் ஒரு பக்கத்தை வாசித்தான்.” நிலைமை, நீங்கள் செய்தது, அதன் விளைவு ஆகிய மூன்றும் இதில் உள்ளன. ‘நான்’ என்று தொடங்குவது தற்பெருமை என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். இங்கே அது பெருமை அன்று, கணக்கு ஒப்புவித்தல். உங்கள் வாழ்விலிருந்து இத்தகைய நிகழ்வுகள் நான்கைந்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பெரும்பாலான வினாக்களுக்கு அவையே போதும்.

சிறுவர் பாதுகாப்பு பற்றிய வினா தவறாமல் வரும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். வழக்கமாக அது இவ்வாறு அமையும்: ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, வீட்டில் தன்னை அடிக்கின்றனர் என்று கூறி, எவரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சுகிறது. என்ன செய்வீர்கள்? “முதலில் தாயுடன் பேசிப் பார்ப்பேன்” என்பது நல்லெண்ணத்தில் எழும் விடைதான். ஆனால் இங்கே அது பிழை. பிள்ளைக்கு மேலும் ஆபத்தை அது விளைவிக்கக்கூடும். இரகசியம் காப்பதாக வாக்களிக்கக் கூடாது. அமைதியாகக் கேட்க வேண்டும். விடையை நாமே ஊட்டும் வகையில் வினவக் கூடாது. பின்னர் பிள்ளையின் சொற்களிலேயே எழுதி, பாடசாலையின் சிறுவர் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் உடனடியாகத் தெரிவிக்க வேண்டும். இவ்விடையை ஆங்கிலத்தில், உரத்த குரலில், பலமுறை சொல்லிப் பழகுங்கள். அப்பாடசாலையின் பாதுகாப்புக் கொள்கை அதன் இணையத்தளத்தில் இருக்கும். பொறுப்பாளரின் பெயரை அதில் பார்த்துச் செல்வது உங்கள் அக்கறையைக் காட்டும்.

வேலை செய்யாத காலங்களைப் பற்றியும் பாடசாலைகள் கேட்கும். அது பாதுகாப்பு விதிகளின்படி எல்லோரிடமும் கேட்கப்படுவது. உங்கள் மீதான ஐயம் அன்று. பிள்ளை வளர்த்த ஆண்டுகளை அப்படியே சொல்லுங்கள். புகலிடக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருந்த காலத்தில் பெரும்பாலானோருக்கு வேலை அனுமதி இருப்பதில்லை. “அக்காலத்தில் வேலை செய்ய எனக்கு அனுமதி இருக்கவில்லை, ஆங்கில வகுப்புக்குச் சென்றேன்” என்றால் போதும். நாட்டில் நேர்ந்தவற்றை அங்கே விவரிக்க வேண்டிய கடப்பாடு உங்களுக்கு இல்லை.

ஆவணங்களை முதல் நாளே எடுத்து வையுங்கள். மின் விசா உள்ளவர்கள் அரச இணையத்தளத்தில் வேலை உரிமைக்கான பகிர்வுக் குறியீட்டைப் பெறலாம். அது 90 நாட்கள் செல்லுபடியாகும். வெளிநாட்டுப் பட்டம் அல்லது சான்றிதழ் இந்நாட்டில் எதற்கு இணையானது என்பதை ‘யுகே எனிக்’ நிறுவனம் கட்டணம் பெற்று உறுதிப்படுத்தும். கேட்கப்பட்டால் மட்டும் அச்செலவைச் செய்யுங்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி, சில விதிவிலக்குகள் தவிர, வேலை வழங்க முன்வருவதற்கு முன் உடல்நலம் பற்றி வினவுதல் ஆகாது. ஆனால் செவிப்புலக் குறைபாடோ நடப்பதில் சிரமமோ இருந்தால், தேர்வுக்கு வேண்டிய வசதிகளை முன்கூட்டியே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வினா புரியாவிடில் மீண்டும் கூறுமாறு கேளுங்கள். விளங்காமல் விடையளிப்பதைவிட அது எவ்வளவோ மேல். இறுதியில் உங்களிடம் வினா உண்டா என்பர். “எந்த வகுப்புப் பிள்ளைகளுடன் பணியாற்ற வேண்டியிருக்கும்?” என்று கேட்கலாம். தெரிவு செய்யப்படாவிடில், எந்த விடையில் புள்ளி குறைந்தது என்று தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ விசாரியுங்கள். பல பாடசாலைகள் தயங்காமல் சொல்லும். அடுத்த பாடசாலையிலும் ஏறக்குறைய அதே வினாக்கள்தான் காத்திருக்கும்.