ரவையா, மைதாவா?

2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி 'வர்தா' புயல் சென்னையைப் புரட்டி எடுத்தது. மறுநாள் காலையில் உங்கள் தெருவில் கேட்ட முதல் சத்தம் எது, ஞாபகம் இருக்கிறதா? காக்காய் இல்லை, பால்காரர் மணி இல்லை. 'கொர்ர்ர்' என்று காதைத் துளைத்ததே, மரம் அறுக்கும் பெட்ரோல் மிஷின், அதுதான்! விழுந்த மரங்களை அறுக்க ஆள் கிடைக்காமல் தவித்த வீட்டுக்காரர்கள் சிலர், "நாமே ஒன்று வாங்கிப் போட்டால் என்ன?" என்று துணிந்து விட்டார்கள். அப்படி வாங்கிய மிஷின் ஒன்று உங்கள் வீட்டு மாடிப்படியின் கீழே, சாக்குப் பையில் சுருண்டு தூங்குகிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

"மிஷின் சமாசாரமெல்லாம் ஆண்பிள்ளைகள் பாடு, நமக்கென்ன?" என்று தொடர்கதைக்குத் தாவி விடாதீர்கள். அரிவாள்மணை மழுங்கினால் முதலில் தெரிவது யாருக்கு? தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுவது யார்? அந்தக் கையும் கண்ணும்தான் இதற்கும் வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மழைத் தடுப்பின்மேல் சாய்ந்த வேப்பங்கிளையை அத்திம்பேர் அறுக்க ஆரம்பித்தார். மிஷின் உறுமியதே தவிர, உள்ளே இறங்கவில்லை. புகை வந்தது. அத்திம்பேருக்கு ரோஷம், அழுத்தினார். அழுத்திய அழுத்தில் நுனி பக்கத்துக் கிளையில் பட்டதுதான் தாமதம், மிஷின் அவர் தோளை நோக்கித் துள்ளியது! நல்ல வேளை, கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பு அவர் மணிக்கட்டில் மோதி, பிரேக் விழுந்து, சங்கிலி அந்தக் கணமே நின்றது. அக்கா கையிலிருந்த காப்பி முழுவதும் தரையில்.

காரணம் என்ன? மிஷினின் நீண்ட இரும்பு நாக்கைச் சுற்றிச் சங்கிலி ஓடுகிறது. நாக்கு நுனியின் மேல் பாதி எதிலாவது இடித்தால், ஓடுகிற சங்கிலியின் வேகமெல்லாம் நாக்கையே மேலும் பின்னுமாக எறிந்து விடும். அத்திம்பேர் நுனியைக் கவனிக்காதது ஒரு தப்பு. அவரை அழுத்த வைத்தது மழுங்கிய பல். கூர் உள்ள சங்கிலி தானாகவே மரத்துக்குள் இறங்கும். அழுத்த வேண்டியதே இல்லை.

மழுங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது? கீழே விழும் தூளைப் பாருங்கள். துருவிய தேங்காய் மாதிரி திட்டுத் திட்டாக விழுந்தால் கூர் இருக்கிறது. ரவையாகி விட்டால் அரம் போடும் வேளை வந்து விட்டது. மைதாவாகி விட்டால் உடனே நிறுத்த வேண்டியதுதான்! தென்னை அறுத்தால் இது சீக்கிரமே நேரும். அதன் வெளிக்கட்டை பல்லைத் தின்னும். 2018-ல் 'கஜா' சாய்த்த தென்னந்தோப்புகளில் அறுத்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஓடும் சங்கிலி ஒரு தடவை மண்ணைத் தொட்டாலும் போதும், கூர் போச்சு.

அரம் போடுவதற்கு முன், மிஷினை நிறுத்தி, ஆற விட்டு, பிளக் ஒயரைக் கழற்றி, கனமான கையுறை போட்டுக் கொள்ளுங்கள். வேண்டியது உருண்டை அரம். அதன் பருமன் சங்கிலிக்குத் தக்கபடி மாறும்; 4 மில்லிமீட்டரும் 4.8 மில்லிமீட்டரும் சாதாரணமாகப் புழங்குபவை. கூடவே வரும் புத்தகத்தில் போட்டிருக்கும். பற்கள் ஒன்று இடம், ஒன்று வலம் என்று மாறி மாறி இருக்கும். மிகவும் தேய்ந்த பல் எதுவோ அதிலிருந்து ஆரம்பியுங்கள். அரத்தைப் பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, பெரும்பாலும் 30 டிகிரி சாய்வில், தள்ள மட்டும் வேண்டும்; திரும்பும்போது தூக்கி விட வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் அரமும் போச்சு, பல்லும் போச்சு. அரத்தின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் தலைக்கு மேலே தெரிய வேண்டும். முதல் பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே தள்ளு. ஒரு பக்கம் முடிந்த பிறகு மிஷினைத் திருப்பி வைத்து மறு பக்கம். ஒரு பக்கப் பல் நீண்டு போனால், நேராக அறுக்கப் போன மிஷின் பக்கவாட்டில் வளைந்து போகும்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்னத் திமில் இருக்கிறது. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அதுதான். பல் தேயத் தேய இதையும் பட்டை அரத்தால் தேய்க்க வேண்டும். பல்லுக்கும் திமிலுக்கும் உள்ள வித்தியாசம் பல சங்கிலிகளில் 0.65 மில்லிமீட்டர். அதற்கென்று அளவுத் தகடு விற்கிறார்கள். கண் மதிப்பில் அதிகம் தேய்த்து விட்டால் மிஷின் பேராசையோடு கடித்துத் துள்ளும்.

இந்தப் பல்லின் கதை வேடிக்கையானது. 1946-ல் அமெரிக்காவின் ஓரெகன் மாநிலத்தில், மரம் வெட்டும் தொழிலாளியான ஜோசப் பஃபர்ட் காக்ஸ், ஒரு கட்டையைக் குடைந்து கொண்டிருந்த வண்டுப் புழுவைப் பார்த்தார். அது தன் இரண்டு வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாகக் கடித்து, கட்டையை எந்தத் திசையிலும் சுலபமாகக் குடைந்து சென்றது. அதைப் பார்த்துச் செய்ததுதான் இந்தச் சங்கிலி. இன்னொன்றும் சொல்லட்டுமா? சங்கிலி ரம்பம் முதலில் மரத்துக்காகவே பிறக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து டாக்டர்கள், பிரசவம் சிக்கலாகும்போது இடுப்பெலும்பை அறுக்க, கையால் இயக்கும் சின்னச் சங்கிலி ரம்பம் ஒன்றைச் செய்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். நம் பாட்டிகளின் பாட்டிகளுக்கு அது வந்து சேராததே பாக்கியம்!

இனி எண்ணெய் விஷயம். மிஷினில் டாங்கி இரண்டு. ஒன்றில் பெட்ரோலோடு டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். 50-க்கு 1 என்று புத்தகத்தில் இருந்தால், லிட்டருக்கு 20 மில்லி. பழைய ஸ்கூட்டருக்குப் பங்க்கில் கலந்து ஊற்றுவார்களே, அதே மாதிரி. வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் இறுகி, மிஷின் பழைய இரும்புக் கடைக்குத்தான். மற்ற டாங்கியில் சங்கிலிக்கான எண்ணெய். பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் இதையும் நிரப்புங்கள். எண்ணெய் சரியாக வருகிறதா என்று பார்க்க, நாக்கின் நுனியைப் பழைய செய்தித்தாளுக்கு நேரே ஒரு ஜாண் தள்ளிப் பிடித்து ஓட விட்டால், தாளில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

சங்கிலி நாக்கின் அடியில் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் கையுறைக் கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். ஓடிச் சூடாகி நீளும்போது இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்தி விடுங்கள். ஆறும்போது அது சுருங்கும். காற்று வடிகட்டியைக் காப்பி ஃபில்டரைப்போல் அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். நாக்கையும் அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரு விளிம்பும் ஒரே சீராகத் தேயும்.

மாதக் கணக்கில் சும்மா வைப்பதானால் டாங்கியைக் காலி செய்து, மிச்சப் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். இப்போது பெட்ரோலில் எதனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுத்து உள்ளே கெடுத்து விடும். நாக்குக்கு உறை போட்டு, குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள்.

எங்கள் அத்திம்பேர் இப்போது மரத்தில் கை வைக்குமுன் திண்ணையில் அரமும் கையுமாக உட்கார்ந்து விடுகிறார். தள்ளுகளை எண்ணுவது அக்கா. அறுக்க ஆரம்பித்த பிறகும் அவள் தள்ளி நின்று தூளையே பார்த்துக் கொண்டிருக்கிறாள். போன வாரம் முருங்கைக் கிளை பாதி அறுபட்டிருக்கும்போது, "ரவை!" என்று கத்தினாள். அவரும் மறுபேச்சில்லாமல் மிஷினை நிறுத்தினார்.