பசையின்றி நிற்கும் காந்தம்

2025 ஜூலையில் பஜாஜ் ஆட்டோவின் நிர்வாக இயக்குநர் ராஜீவ் பஜாஜ் சொன்ன ஒரு செய்தி வாகனத் தொழிலை அதிரவைத்தது. ஆகஸ்ட் மாதத்தில் தங்களிடமிருந்து ஒரு மின் ஸ்கூட்டர்கூட வெளிவராமல் போகலாம் என்றார் அவர். அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி. மகாராஷ்டிரத்தில் வண்டி வியாபாரம் சூடுபிடிக்கும் காலம் அது. 1972-ல் பழைய சேத்தக் ஸ்கூட்டர் பிறந்த அதே புனே ஆகுர்டியில், மின்சார சேத்தக்குக்கென்றே 2022 ஜூனில் ஒரு தொழிற்சாலை திறக்கப்பட்டிருந்தது. தொழிலாளர்கள் இருந்தார்கள், எந்திரங்கள் இருந்தன, வாங்குவோரும் இருந்தார்கள். மோட்டாருக்குள் போகவேண்டிய காந்தத் துண்டு மட்டும் கிடைக்கவில்லை.

காரணம் எல்லோரும் அறிந்ததுதான். அந்த ஆண்டு ஏப்ரல் 4 அன்று டிஸ்ப்ரோசியம், டெர்பியம், சமாரியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களையும் அவை சேர்ந்த காந்தங்களையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது சீனா. உலகின் அருமண் காந்தங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தயாராவது அங்கேதான். சேத்தக் உற்பத்தி ஆகஸ்ட் 20 அன்று மீண்டும் தொடங்கிவிட்டது. நெருக்கடி தணிந்தாலும் அது எழுப்பிய கேள்வி தணியவில்லை.

அந்தக் கேள்விக்கு டெல்லி சொன்ன பதில், காந்தத்தை இங்கேயே செய்வது. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் தயாரிக்கும் திறனை உருவாக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 நவம்பர் 26 அன்று ஒப்புதல் தந்தது. நல்ல முடிவு. நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் 1909-ல் ஜெர்மானியர் ஷோம்பெர்க் கண்டெடுத்த மோனசைட் கனிமத்தில், இந்தக் காந்தங்களுக்கு அடிப்படையான நியோடிமியம் இருக்கிறது. ஆனால் சூட்டிலும் காந்தம் வலுவிழக்காமல் காக்கும் டிஸ்ப்ரோசியம் அதில் சொற்பம். ஆகவே ஏற்கெனவே நாட்டுக்குள் வந்துவிட்ட ஒவ்வொரு கிராமும் நமக்கு முக்கியம். அந்தக் காந்தங்களைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதை, அவற்றை மோட்டாருக்குள் எப்படிப் பிடித்துவைத்தோம் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. சுரங்கம் பற்றியும் சீனா பற்றியும் இவ்வளவு பேசுகிற நாம் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது என் ஆதங்கம்.

பிடித்துவைப்பது சின்ன வேலையில்லை. மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டாரின் மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி 20 கிராம் காந்தத் துண்டு ஒன்று இருப்பதாகக் கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 8,000 சுற்று சுழலும்போது, கவணில் வைத்த கல்லைப்போல அது வெளியே பாயத் துடிக்கும். அந்த இழுவிசை ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகி 280 கிலோவைத் தொடும். ரோட்டாருக்கும் அதைச் சுற்றி நிற்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே இருப்பதோ பல மோட்டார்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. காந்தம் கொஞ்சம் நகர்ந்தாலும் மோட்டார் முடிந்தது.

இந்தப் பொறுப்பைப் பெரும்பாலான இடங்களில் எபாக்சி போன்ற பசைகள் சுமக்கின்றன. அவற்றைக் குறை மட்டும் சொல்வது நியாயமில்லை. பசை, காந்தத் துண்டுக்கும் ரோட்டாரின் எஃகுக்கும் இடையிலுள்ள இடுக்கை நிரப்புகிறது, அதிர்வை உள்வாங்குகிறது, வெப்பத்தைக் கடத்தவும் உதவுகிறது. காந்தத்தின் அளவு சற்று முன்பின் இருந்தாலும் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் பரப்பு சுத்தமாக இருக்கவேண்டும், அளவு பிசகக்கூடாது, இறுகும்வரை காத்திருக்கவேண்டும். இதைவிடப் பெரிய தொல்லை வெப்பம். நியோடிமியம் காந்தம் சூடானால் காந்தப்புலத் திசையில் விரிகிறது, குறுக்குத் திசையில் லேசாகச் சுருங்குகிறது. எஃகு எல்லாத் திசையிலும் விரிகிறது. ஒவ்வொரு முறை வண்டி ஏற்றம் ஏறி இறங்கும்போதும் இந்த இழுபறி முழுவதையும் தாங்குவது மெல்லிய பசைப்படலம்.

வண்டியின் ஆயுள் முடிந்தபின் அதே பசை எதிரியாகிறது. இந்தக் காந்தம் பீங்கான் மாதிரி நொறுங்கும் பொருள், நெம்பினால் உடையும். பசையைச் சூட்டில் எரித்தால் காந்தமும் ஆக்சிஜனேற்றம் அடைகிறது, எரிந்த பிசினின் கார்பன் அதோடு கலக்கிறது. கார்பன் கலந்த தூளிலிருந்து மறுபடி நல்ல காந்தம் செய்வது கடினம். கடைசியில் மோட்டாரையே நொறுக்கி உருக்கிவிடுகிறார்கள். செம்பு திரும்பக் கிடைக்கிறது, இரும்பு கிடைக்கிறது. நியோடிமியம் கசடோடு போய்விடுகிறது.

பசை இல்லாமல் முடியுமா என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டு ஏசியைப் பார்க்கலாம். இன்வெர்ட்டர் ஏசி கம்ப்ரசருக்குள் குளிர்பதன வாயுவும் எண்ணெயும் எப்போதும் சுற்றிக்கொண்டிருப்பதால் பசைக்கு அது உகந்த இடமில்லை. அதனால் அங்கே பொதுவாகக் காந்தத்தை ரோட்டாரின் துளைக்குள் செருகி, இரு முனையிலும் தகடு வைத்து ரிவெட் அடித்து மூடிவிடுகிறார்கள். காந்தத்தைத் தாங்குவது எஃகே. ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம், பழைய கம்ப்ரசர்களிலிருந்து அருமண் காந்தங்களைப் பிரிக்கும் எந்திரத்தை 2010-லேயே அறிவித்தது. முதலில் ரோட்டாரின் காந்தத்தன்மையைப் போக்குவார்கள். பிறகு அதிர்ச்சி கொடுத்தால் காந்தங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். ஒட்டாமல் வைத்ததால்தான் இது இத்தனை எளிது.

ஏசி ஓரிடத்தில் நிற்கிறது, ஸ்கூட்டரோ பள்ளத்தில் குதிக்கிறது என்பார்கள். உண்மைதான். தளர்வாக வைத்த காந்தம் ஆடி ஆடித் தேய்ந்து விரிசல் விடும். அதற்கும் வழி இருக்கிறது. ரோட்டார் என்பது அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ தடிமனுள்ள எஃகுத் தகடுகளின் அடுக்கு. அந்தத் தகடுகளை வெட்டும்போதே சிலவற்றின் துளை ஓரத்தில் சின்னச் சின்ன நாக்குகளை விட்டுவைக்கலாம். காந்தத்தைத் தள்ளும்போது நாக்கு மடங்கி, ஸ்பிரிங் மாதிரி அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தனியாக ஸ்பிரிங் கிளிப் செருகலாம், காந்தமல்லாத ஆப்பு அடிக்கலாம், செருகியபின் முனைத் தகட்டை நசுக்கிப் பூட்டலாம். இதெல்லாம் பிரஸ் டூல் வேலை, டை வேலை. புனேயை ஒட்டிய போசரி, பிம்ப்ரி-சிஞ்ச்வட் பட்டறைகளுக்குத் தலைமுறையாகக் கைவந்த கலை. கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: நாக்கின் கூர் காந்தத்தின் நிக்கல் பூச்சைக் கீறக்கூடாது. பூச்சு போன நியோடிமியம் காந்தம் புனேயின் மழைக்காலத்தில் துருப்பிடிக்க நாளாகாது. காந்தத்தின் அளவும் துல்லியமாக இருக்கவேண்டும். பசை பொறுத்துக்கொண்ட முன்பின்னை எஃகு பொறுக்காது. சிக்கனம் பார்ப்பவர்கள் தயங்குவது இந்த இடத்தில்தான்.

காந்தம் ரோட்டாரின் மேற்பரப்பிலேயே உட்காரும் மோட்டார்களில் கதை வேறு. அங்கே மேலே ஓர் உறை போடவேண்டும். 2021-ல் வந்த டெஸ்லாவின் மாடல் எஸ் பிளெய்ட் காரில் கார்பன் இழையை மிகுந்த இழுவிசையோடு ரோட்டாரைச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். விலை அதிகம், ஸ்கூட்டருக்குக் கட்டாது. ஆனால் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டாரில் இயற்கையே நம் பக்கம். அங்கே சுழல்வது வெளிவளையம், காந்தங்கள் அதன் உட்புறத்தில். வேகம் கூடக்கூட அவை வளையத்தோடு இன்னும் அழுந்துகின்றன. பக்கவாட்டில் நகராமல் தடுக்க ஒரு தடுப்புச் சட்டம் போதும். இங்கேயும் பசையையே நம்புவதற்கு, பழக்கம் தவிர வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

மின்சார சேத்தக் புனேயிலும் பெங்களூருவிலும் விற்பனைக்கு வந்தது 2020 ஜனவரியில். முதலில் வந்த வண்டிகள் உடைப்புக்கு வரும் நாள் தொலைவில் இல்லை. ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான புதிய விதிகள் 2025 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. பழைய வண்டிகளுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பேற்கவேண்டும் என்கின்றன. ஆனால் மீட்பு இலக்கு எஃகுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஸ்கூட்டர் மோட்டாருக்குள் இருக்கும் சில நூறு கிராம் காந்தம் அந்தக் கணக்கில் வருவதில்லை.

1966 முதல் புனேயில் இயங்கும் ஏ.ஆர்.ஏ.ஐ., இந்திய வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனம். மின் மோட்டாரின் நிகரத் திறனையும், 30 நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய உச்சத் திறனையும் அளப்பதற்கு ஏ.ஐ.எஸ். 041 என்ற தரநிலை இருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னொரு அளவையும் வைக்கவேண்டும் என்று கேட்கிறேன்: காந்தத்தன்மை போக்கிய ரோட்டாரிலிருந்து, உலையில் எரிக்காமல், உடைக்காமல் காந்தங்களை வெளியே எடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது? 7,280 கோடி ரூபாய்த் திட்டத்தில் செய்யப்படும் காந்தங்கள் ரோட்டாருக்குள் போகும் முன்பே இந்த எண்ணைச் சான்றிதழில் எழுதவைத்துவிட்டால், அதைக் குறைக்கும் வேலையைப் போசரி பட்டறைகளிடம் நம்பிக் கொடுக்கலாம்.