சாம்பலில் இருந்து ஒரு கல்

சீமெந்து விலையால் பாதியில் நின்ற சுவர்களை மன்னார்க் கரையெங்கும் காண்கிறோம்.

பல்பகுதியம் என்றதும் பிளாஸ்ரிக் வாளிதான் நமக்கு ஞாபகம் வரும். கல்லைப் போன்ற அசேதனப் பல்பகுதியமும் உண்டு. 1970களில் பிரான்சின் ஜோசப் டேவிடோவிற்ஸ் அதற்கு ‘ஜியோபொலிமர்’ எனப் பெயரிட்டார். சுட்ட வெண்களியையோ நிலக்கரிச் சாம்பலையோ காரக் கரைசலில் குழைத்தால், சிலிக்கனும் அலுமினியமும் ஒட்சிசனால் கோக்கப்பட்டு இறுகுகின்றன. சீமெந்துச் சூளைக்கு 1,450 பாகை வெப்பம் வேண்டும். வெண்களிக்கு 750 பாகையளவு போதும். சாம்பலோ ஏற்கெனவே வெந்தது. நமக்குத் தெற்கே நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011 முதல் நிலக்கரி எரிக்கிறது.

ஆனால் வீட்டு முற்றத்தில் குழைத்துப் பார்க்க வேண்டாம். எரிசோடா கையைத் தின்னும், கண்ணைக் கெடுக்கும், மலிவுமல்ல. யாராவது இத்தகைய கல்லை விற்க வந்தால், ஒன்றை வாங்கி ஒரு கிழமை தண்ணீரில் ஊறப்போடுங்கள். விளிம்பு கரைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.